முன் சக்கரம் மட்டுமா, நான்கும் சேர்த்தா? வீல் அலைன்மென்ட் ஓர் ஒப்பீடு

அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிபார்க்க வண்டியை விட்டால் மூன்று விதமான வேலைகளில் ஏதோ ஒன்று நடக்கும். முன் சக்கரங்களின் டோவை (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவது ஒன்று. நான்கு சக்கரங்களையும் அளந்து, பின்பக்கம் எந்தத் திசையில் தள்ளுகிறதோ அதற்கேற்ப முன்பக்கத்தைத் திருத்துவது இன்னொன்று. நான்கையும் அளந்து நான்கையும் திருத்துவது மூன்றாவது. ரசீதில் பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும். வண்டி ஓடும் விதத்தில் வித்தியாசம் தெரியும், டயரில் இன்னும் நன்றாகவே தெரியும்.

முதலில் கோணங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்விளிம்பு உள்பக்கம் திரும்பியிருந்தால் டோ-இன், வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் டோ-அவுட். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி வண்டியை நோக்கிச் சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ் கேம்பர். கேஸ்டர் என்பது பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிற, ஸ்டியரிங் திரும்பும் அச்சின் சாய்வு. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதற்கு முக்கியக் காரணம் அதுதான். கேஸ்டர் பிசகினால் டயர் பெரிதாகத் தேயாது. ஆனால் இரண்டு பக்கமும் வேறுபட்டால், கேஸ்டர் குறைவான பக்கத்துக்கு வண்டி இழுக்கும்.

டயரைத் தின்பதில் முதலிடம் டோவுக்குத்தான். 600 மி.மீ. விட்டமுள்ள டயரில் 0.1 டிகிரி டோ என்பது முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே ஏறக்குறைய 1 மி.மீ. வித்தியாசம். முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 3 மி.மீ. டோ-இன் என்றால், ஒவ்வொரு சக்கரமும் 1.5 மி.மீ. கோணலாக நிற்கிறது. சக்கரம் பார்க்கும் திசைக்கும் வண்டி போகும் திசைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் பக்கவாட்டுப் பிசகு. அது முழுவதும் ரப்பரின் தலையில்தான் விடிகிறது. கேம்பர் பிசகு இவ்வளவு வேகமாகத் தின்னாது. உள்ளோரத்தையோ வெளியோரத்தையோ வழுவழுப்பாக மெல்ல மழித்துக்கொண்டே போகும்.

இரண்டையும் கையாலேயே பிரித்தறியலாம். வண்டி நின்றிருக்கும்போது டயர் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டிகள்) மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போய், உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் விரலில் தட்டினால் டோ-இன் அதிகம். நேர்மாறாகத் தட்டினால் டோ-அவுட். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி வழுவழுவென்று இருந்து, ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. அதற்கு அலைன்மென்ட் பக்கமே போக வேண்டாம். 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்குவதும் பெரும்பாலும் பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) விவகாரம்தான்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். முன் டோ மட்டும் பார்ப்பதில் உள்ள கோளாறு என்ன? வண்டியைத் திருப்புவது முன் சக்கரம்தான். ஆனால் அது நேராகப் போகும் கோட்டைத் தீர்மானிப்பதில் பின் சக்கரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு பின் சக்கரங்களும் சேர்ந்து தள்ளும் திசையை த்ரஸ்ட் கோடு என்பார்கள். அது வண்டியின் நடுக்கோட்டோடு ஒட்டிப் போகாவிட்டால், முன்பக்கத்தை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் ஸ்டியரிங் கோணலாகத்தான் நிற்கும்.

ஓர் உதாரணம். பின்னால் இடது சக்கரம் 0.20 டிகிரி டோ-இன், வலது சக்கரம் 0.10 டிகிரி டோ-அவுட் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 0.10 டிகிரி டோ-இன். மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் "பின்னாடி ஓகே" என்று சொல்லிவிடுவார். ஆனால் இரண்டு சக்கரங்களுமே வலப்பக்கம் பார்க்கின்றன. த்ரஸ்ட் கோணம் 0.15 டிகிரி. வண்டியின் பின்பகுதி வலப்பக்கம் நகரப் பார்க்கும், மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். நேராகப் போக வேண்டுமானால் ஓட்டுபவர் ஸ்டியரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டியரிங் விகிதம் 16:1 என்றால் சுமார் இரண்டரை டிகிரி. கண்ணுக்குத் தெரியும் அளவுதான் அது.

இதைச் சொல்லி வண்டியைத் திரும்பக் கொண்டுபோனால், சில இடங்களில் ஸ்டியரிங் வீலையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுப்பார்கள். பார்வைக்கு நேராகிவிடும். ஆனால் அந்த ஒரு பல் பல டிகிரி நகர்ந்துவிடும் என்பதால் பெரும்பாலும் கோணல் மறுபக்கம் போகும். எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள வண்டியில் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார் குழம்பவும் கூடும். இது எனக்கு அறவே பிடிக்காத குறுக்குவழி. ஸ்டியரிங்கை நேராக்கும் வேலை, ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் நடக்க வேண்டும்.

இரண்டாவது வகை இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. பின் த்ரஸ்ட் கோட்டை அளந்து, முன் சக்கரங்களை அதற்கு இணையாக வைக்கிறார்கள். ஸ்டியரிங் நேராக நிற்கும், முன் டயர் பிழைக்கும். வண்டி இம்மியளவு நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்தபடிதான் போகும், ஆனால் உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்திரம்) உள்ள சிறிய கார்களுக்கு நடைமுறையில் இதுதான் எல்லை. அந்த பீமில் டோவைத் திருத்த போல்ட் கிடையாது. சில வண்டிகளில் சக்கரம் மாட்டும் ஹப்புக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஓரளவு சரிசெய்யலாம், அவ்வளவுதான். அளவு வெகுவாக விலகியிருந்தால் பீம் வளைந்திருக்கலாம், அதன் ரப்பர் புஷ் போயிருக்கலாம். மெஷினால் தீரும் விஷயமல்ல.

மல்டி-லிங்க் போன்ற, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியான சஸ்பென்ஷன் பின்னால் இருந்தால் கதை வேறு. பெரும்பாலும் அங்கே பின் டோவைத் திருத்த முடியும், பலவற்றில் கேம்பரையும். அப்படிப்பட்ட வண்டிக்கு முன் டோ மட்டும் பார்ப்பது பாதி வேலைகூட இல்லை. காரணம் டயர் மட்டுமல்ல, ஓட்டும் விதமும்தான். பின்னால் லேசான டோ-இன் இருந்தால் வண்டி நிலையாக நிற்கும். அது டோ-அவுட்டுக்குப் போய்விட்டால், வேகத்தில் லேன் மாறும்போதும் ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போதும் பின்பகுதி ஆட்டம் காட்டும். முன்னால் டோ-அவுட் என்றால் ஸ்டியரிங் சட்டென்று திரும்பும், நேர்சாலையில் அலையும், சுதாரித்து ஓட்டிவிடலாம். பின் டோ-அவுட்டில் அந்த அவகாசம் குறைவு. ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் நான் பின் டோவைத்தான் முதலில் பார்ப்பேன்.

வேலையின் வரிசையும் முக்கியம்: பின் கேம்பர், பின் டோ, அப்புறம் முன் கேஸ்டர், முன் கேம்பர், கடைசியாக முன் டோ. கேம்பரை நகர்த்தினால் டோவும் நகரும் என்பதால், டோவை முதலில் வைத்துவிட்டுக் கேம்பரில் கை வைப்பது வீண்வேலை. பல கார்களின் முன்பக்க மெக்பெர்சன் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இருக்கும் அமைப்பு) கேம்பரைத் திருத்த வழியே இருக்காது. "கேம்பரும் பண்ணியாச்சு" என்றால் எப்படி என்று கேளுங்கள். கேம்பர் போல்ட் போட்டோம் என்றால் சரி. ஜாக்கி கொடுத்து வளைத்தோம் என்றால், வளைந்த பாகத்தை மாற்றாமல் இன்னொரு முறை வளைத்திருக்கிறார்கள்.

அளக்கும் கருவி பற்றி ஒரு வார்த்தை. நூல் கட்டிப் பார்ப்பதைப் பழைய முறை என்று ஒதுக்க வேண்டியதில்லை. நான்கு சக்கரங்களையும் சுற்றி, வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக நூலை நிறுத்தினால் பின் டோகூடத் தெரிந்துவிடும். கேமரா மெஷினோ, ரிம்மில் கிளாம்பைச் சரியாக மாட்டாமல் ரன்-அவுட்டை (சக்கரம் சுழலும்போது ரிம் காட்டும் கோணல்) ஈடுசெய்யாமல் விட்டால் திரையில் அழகாகத் தவறான எண்ணைக் காட்டும். எந்த முறையானாலும், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளான டை ராட் எண்டிலும் பால் ஜாயின்டிலும் ஆட்டம் இருக்கிறதா, நான்கு டயரிலும் காற்று சரியா என்று பார்க்காமல் ஆரம்பித்தால் அளவு நிலைக்காது.

முன் டோ மட்டும் போதும் என்று சொல்லக்கூடிய வண்டிகளும் உண்டு. பின்னால் லீஃப் ஸ்பிரிங்கும் (பட்டை ஸ்பிரிங்) இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்சிலும் உள்ள, அடிபடாத வண்டிக்கு டை ராட் எண்ட் மாற்றிய பின் அது தாராளம். அங்கும் ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடித்து வைக்கும் சென்டர் போல்ட் உடைந்தோ யூ போல்ட் தளர்ந்தோ ஆக்சில் நகர்ந்திருந்தால் ஸ்டியரிங் கோணல் திரும்ப வரும். மற்ற கார்களுக்கு நான்கையும் அளக்கச் சொல்லுங்கள், திருத்த முடிகிறதோ இல்லையோ. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சிட்ட தாளை வாங்கி, பின் டோவின் மொத்தத்தைவிட இடது, வலது என்று தனித்தனியாக இருக்கும் எண்களையும் த்ரஸ்ட் கோணத்தையும் பாருங்கள்.

எல்லாம் முடிந்து வண்டியை எடுத்ததும் "ஊம்" என்ற உறுமல் அப்படியே இருந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். ஏற்கெனவே ரம்பப்பல் மாதிரி தேய்ந்த டயர், கோணம் சரியான பிறகும் சில காலம் சத்தம் போடும். வீல் பேரிங் போய்விட்டதோ என்றுகூட நினைக்க வைக்கும். முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: சத்தமும் கூடவே பின்னால் போனால் டயர், முன்னாலேயே நின்றால் பேரிங்.