ஊரில் பி.எஸ்.ஏ. பரிசோதனை: நாகர்கோவிலில் கண்டதும் கேட்டறிந்ததும்

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கலாமா என்று அறிய உதவும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையை நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ செய்துகொள்வது இன்று மிக எளிது. மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே லேப்பில் போய்க் கேட்கலாம். காலையில் இரத்தம் கொடுத்தால் மாலைக்குள் முடிவு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. நான் வசிக்கும் இங்கிலாந்தில் ஐம்பது வயதைக் கடந்த ஆண் கேட்டால் இதே பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். ஆனால் அதனால் வரக்கூடிய நன்மையையும் தொல்லையையும் குடும்ப மருத்துவர் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே முறை. இந்தப் பயணத்தில் என் அண்ணனுடன் அலைந்தபோது, ஊரில் பரிசோதனைக்குப் பஞ்சமில்லை, அதற்கு முன்னும் பின்னும் நடக்க வேண்டிய பேச்சுக்குத்தான் பஞ்சம் என்பது எனக்குத் தெளிவாயிற்று.

அண்ணனுக்கு வயது அறுபத்தெட்டு. ‘முழு உடல் பரிசோதனை’ என்று ஒரு தனியார் லேப் தரும் பேக்கேஜில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு ஆகியவற்றோடு பி.எஸ்.ஏ.யும் சேர்ந்திருந்தது. முடிவுத் தாளில் 7.8 என்று தடித்த எழுத்திலும், அதன் பக்கத்தில் ‘4 வரை’ என்று சிறிய எழுத்திலும் இருந்ததைத் தவிர ஒரு வரி விளக்கமும் இல்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவர் மூத்திரக் கடுப்பும் குளிர்காய்ச்சலுமாகப் படுத்து மாத்திரை சாப்பிட்டிருந்தார். இரத்தம் எடுத்தவர்கள் அதைக் கேட்கவே இல்லை. அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே திருவனந்தபுரத்து ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உறவினர் ஒருவர் வண்டி வரை பேசி முடித்துவிட்டார்.

அதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு யூராலஜி (சிறுநீரியல்) மருத்துவரைப் பார்ப்போம் என்று நான் வற்புறுத்தியது நல்லதாயிற்று. அவர் தாளைப் பார்க்கும் முன் காய்ச்சலைப் பற்றிக் கேட்டார். பி.எஸ்.ஏ. என்பது புற்றுநோய் மட்டும் சுரக்கும் பொருள் அல்ல, நல்ல புராஸ்டேட் திசுவும் சுரக்கும் ஒரு புரதம் என்றும், வயதாகி அந்தச் சுரப்பி பெருத்தாலும், அதில் கிருமித்தொற்று வந்தாலும், சிறுநீர் அடைத்து டியூப் போட்டாலும் அதன் அளவு ஏறும் என்றும், தொற்று தணிந்து ஆறு வாரமாவது கழித்துப் பார்த்தால்தான் எண்ணை நம்ப முடியும் என்றும் பொறுமையாகச் சொன்னார். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்திய உறவையும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தையும் தவிர்க்க வேண்டுமாம். பிறகு அண்ணன் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் மேசைமேல் பரப்பச் சொல்லி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, டுட்டாஸ்டரைடு மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவருக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். அதை அறியாமல் படித்தால் 3 என்ற எண் பொய்யான நிம்மதியைத் தந்துவிடும். அண்ணனின் அட்டைகளில் அவை இல்லை.

ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு அண்ணன் மிகவும் கூச்சப்பட்டார். மருத்துவர் அவசரப்படுத்தாமல், சுரப்பி கல்லைப்போல் கெட்டியாகவோ முடிச்சாகவோ இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது என்றார். அப்படி எதுவும் தென்படவில்லை.

இரண்டாம் முறையும் எண் இறங்காவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். முன்பெல்லாம் நேராக பயாப்ஸிக்கு, அதாவது ஊசியால் திசுவை எடுத்துச் சோதிப்பதற்கு, போவார்கள். இப்போது வசதியுள்ள இடங்களில் முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, ஐயத்துக்குரிய இடம் இருந்தால் மட்டும் அங்கே ஊசி செலுத்துகிறார்கள். அதனால் தேவையற்ற பயாப்ஸிகள் பலவற்றைத் தவிர்க்க முடிகிறது. பயாப்ஸியில் புற்றுநோய் என்றே வந்தாலும் அதன் தீவிரத்தைக் குறிக்கும் கிளீசன் அளவு 6 என்றால் பெரும்பாலும் உடனே அறுவை தேவைப்படாது. குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ.யும் எம்.ஆர்.ஐ.யும் பார்த்துக் கண்காணித்தாலே போதும். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வின் பதினைந்து ஆண்டு முடிவுகள் 2023இல் வெளிவந்தன. பி.எஸ்.ஏ. மூலம் கண்டறியப்பட்டு, நோய் சுரப்பியைத் தாண்டாமல் இருந்தவர்களில் அறுவை செய்தவர், கதிர்வீச்சு பெற்றவர், கண்காணிப்பில் இருந்தவர் என மூன்று பிரிவிலும் 100 பேரில் சுமார் 97 பேர் அந்த நோயால் இறக்கவில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களிடம் நோய் பரவியது ஏறக்குறைய இரு மடங்கு. மற்ற இரு பிரிவினருக்குச் சிறுநீர்க் கசிவு, ஆண்மைக் குறைவு, குடல் தொல்லை போன்ற பின்விளைவுகள் கூடுதல். இதை மருத்துவர் சொல்லிக் கேட்டபோது அண்ணனின் முகத்தில் முதன்முறையாகத் தெளிவைப் பார்த்தேன். எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் இதில் கால்வாசி சொல்லியிருந்தாலும் ஓர் இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

கருங்கலில் இருக்கும் மாமாவிடம் இதைச் சொன்னேன். “மூத்திரம் நல்லாத்தான் போவுது மக்களே, எனக்கு எதுக்கு டெஸ்ட்?” என்றார். நம்மூரில் பெரும்பாலோர் எண்ணம் இதுதான், இதுதான் எனக்குக் கவலையும். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புறப் பகுதியில் தொடங்குவதால் தொடக்கத்தில் சிறுநீர்ப் பாதையை நெருக்குவதில்லை. இரவில் நான்கு முறை எழுந்திருக்கச் செய்வது அநேகமாகச் சாதாரண வீக்கம். ஒன்றும் தெரியாமல் இருப்பவரிடமும் புற்றுநோய் இருக்கலாம். இடுப்பு வலி, முதுகு வலி என்று எலும்பு மருத்துவரிடம் போய், எலும்புக்குப் பரவிய பிறகே நோய் தெரியவரும் ஆண்கள் இன்னும் வருகிறார்கள் என்றார் மருத்துவர். வலை இழுத்ததாலும் மரம் ஏறியதாலும் வந்த வலி என்று வீட்டில் நம்பிக்கொண்டிருப்பார்களாம்.

ஆனாலும் மாமாவுக்கு எழுபத்தாறு வயது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2018இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் மருத்துவரோடு பேசித் தாமே முடிவு செய்யலாம். எழுபதுக்கு மேல் அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம். மாமாவை நான் மேலும் வற்புறுத்தவில்லை. அவருடைய மகனுக்கு ஐம்பத்தைந்து. பேச வேண்டியது அவனிடம் என்று தோன்றியது. தகப்பனுக்கோ உடன்பிறந்தவனுக்கோ இந்த நோய் வந்திருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். தாய்வழியில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்கள் பலருக்கு இருந்தாலும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தப் புற்றுநோய்களுக்கு வழிவிடும் பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணு மாற்றம் ஆண்களுக்கும் இறங்கி, புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டக்கூடியது.

மேற்கொண்டு சிகிச்சை வேண்டியவர்களுக்கு ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1981இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் இங்கிருந்து பலர் போய்வருகிறார்கள். எங்கே போனாலும் லேப் தாள்களை நாள் வரிசையில் ஒரே கோப்பில் வைப்பது உதவும், ஒற்றை எண்ணைவிட அது ஏறும் போக்கையே மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். கருவி மாறினால் அளவும் சற்று மாறும் என்பதால் மறுபரிசோதனையை அதே லேப்பில் செய்வது நல்லது.

அண்ணனின் மறுபரிசோதனை நான் திரும்பிய பிறகு நடந்தது. எண் 3.6 என்று வந்திருக்கிறது. இப்போதைக்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம், ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.