தார் ரோடா, மண் மைதானமா, கடல் மணலா: ஓடும் பெண்களுக்கு எது சரி?

"தார் ரோட்டில் ஓடாதே, முட்டி போய்விடும்." ஓட ஆரம்பிக்கும் பெண்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். பாதிதான் சரி. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல 2 முதல் 3 மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. தரை மெத்தென்று இருந்தால் அது அப்படியே குறைந்துவிடாது: மெத்தென்ற தரையில் கால் தானாக விறைத்துக்கொள்ளும், கெட்டித் தரையில் முட்டி கொஞ்சம் கூடுதலாக மடியும். புல்தரையில் பாதத்தின் அழுத்தம் குறைவதென்னவோ உண்மை. அதனால் காயமும் குறைகிறதென்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது.

என் ஓட்டு பள்ளி, கல்லூரிகளில் இருக்கும் கெட்டிப்பட்ட மண் மைதானத்துக்கு. காரணம் மென்மை இல்லை, சமதளம். மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தார் ரோட்டை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடுகிறார்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாகவே ஓடினால் இடது கால் எப்போதும் மேட்டில், வலது கால் பள்ளத்தில். மேட்டுக்காலின் பாதம் உள்பக்கமாகச் சாயும். பள்ளத்துக்காலில் இடுப்பிலிருந்து முட்டியின் வெளிப்பக்கம் வரை இழுக்கும். வலி எப்போதும் ஒரே காலில் வருகிறதா? ஷூவைக் குறை சொல்லும் முன் ரோட்டின் சரிவைப் பாருங்கள்.

மைதானத்திலும் தொல்லை உண்டு. மழைக்குப்பின் சேற்றில் பதிந்த தடங்கள் காய்ந்து குழியாகி, கணுக்காலைப் பிசகவைக்கும். விடியற்காலை 5 மணிக்கு அங்கே விளக்கும் இருக்காது, ஆளும் இருக்காது. அப்போது விளக்கெரியும், வண்டி வராத உள்தெருவே மேல். மைதானத்தில் சுற்றும்போது பாதியில் திசையை மாற்றுங்கள்.

மெரினாவின் காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும். கெண்டைக்கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அலையோரத்து ஈரமணல் கெட்டிதான், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ட்ரெட்மில் சமதளம், பாதுகாப்பு. அதிலிருந்து ரோட்டுக்கு ஒரே நாளில் தாவாமல் இருந்தால் போதும்.

முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரல்நுனியளவு இடத்தில் மட்டும் அழுத்தினால் வலிக்கிறது, ஓடாதபோதும் வலிக்கிறது என்றால் தரையை மாற்றிப் பயனில்லை. ஓட்டத்தை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கலாம். இந்த மாதிரி விரிசல் பெண்களுக்கே அதிகம். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாததும் மாதவிடாய் தள்ளிப்போவதும் பல நேரம் கூடவே இருக்கும்.

தரையை மாற்றுவதென்றால் முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஒரு ஓட்டம், 20 நிமிடம், அதுவும் மெதுவாக. மற்ற நாட்களில் பழைய தரையே.