டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு எது: பெமுலிஹானா, மையமா, தனி ஆசிரியரா?

எங்கள் மகள் செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பிலும் எழுத்திலும் தடங்கல் தரும் கற்றல் இடர்ப்பாடு, இருப்பது இரண்டாம் ஆண்டில் உறுதியானது. கோலாலம்பூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்னென்ன உதவி கிடைக்கிறது என்று அதற்கப்புறம் நானும் கணவரும் தேடித் தேடி விசாரித்தோம். சிலவற்றில் சேர்த்தும் பார்த்தோம். இப்போது அவள் ஒரு தனி ஆசிரியரிடம் வாரம் இரு வகுப்பு போகிறாள். பள்ளியின் பெமுலிஹான் வகுப்பும், அதாவது பின்தங்கும் பிள்ளைகளுக்கான மீட்பு வகுப்பும், கூடவே நடக்கிறது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்தே வாசியுங்கள்.

வழக்கமான டியூஷனைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அங்கே பள்ளிப் பாடத்தையே மறுபடி நடத்துவார்கள், பயிற்சித்தாள் கொடுப்பார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குச் சிக்கல் பாடத்தில் இல்லை. ஒலியைப் பிரித்துக் கேட்டு, அதை எழுத்தோடு பொருத்தும் அடிப்படை வேலையிலேயே அவளுக்குத் தடங்கல். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சோம்பலும் இல்லை. அடித்தளத்தில் உள்ள இடைவெளியை மேல்மாடியில் பூசி மறைக்க முடியாது. டியூஷனை விட்டுவிடுவோம்.

பிபிகேஐ என்பது சாதாரணப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் சிறப்புக் கல்வி வகுப்பு. மருத்துவரின் உறுதிச்சான்று வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி, அதிகபட்சம் மூன்று மாதத் தகுதிகாண் காலமும் உண்டு. பிள்ளைக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை கிடைக்கும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா எனப் பல வகைப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பாடத்திட்டமும் வேறு. வாசிப்பில் மட்டும் தடுமாறி, மற்றபடி வகுப்போடு ஓடக்கூடிய பிள்ளைக்கு அது பொருந்தாது என்று எங்களுக்குப் பட்டது. ஆனால் இதில் என் அனுபவம் மெல்லியது. என் நாத்தனார் மகன் ஆட்டிசம் உள்ளவன், பிபிகேஐ வகுப்பில்தான் படிக்கிறான். அவனுக்கு அந்தச் சிறு வகுப்பும் பொறுமையான ஆசிரியரும் செய்திருக்கும் நன்மையை நேரில் பார்க்கிறேன். அவன் அம்மாவிடம் போய் நான் வேறு எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பெமுலிஹான் வகுப்புதான் எல்லாரும் முதலில் கதவைத் தட்டவேண்டிய இடம். வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றிலும் பின்தங்கும் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கானது. இலவசம், பள்ளி நேரத்திலேயே நடக்கும், போக்குவரத்து அலைச்சல் கிடையாது. எங்கள் பள்ளியில் மலாய், கணிதம் இரண்டுக்கும் தனி அறையில் சிறு குழுவாக வைத்து நடத்துகிறார்கள். அந்த ஆசிரியைதான் முதன்முதலில் எங்களைக் கூப்பிட்டு, "அம்மா, இது கவனக்குறைவு மாதிரித் தெரியலை, மருத்துவர்கிட்ட காட்டுங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே நன்றி சொல்வேன். குறை என்றால், அவர் கையில் பல வகைப் பின்னடைவுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அடிக்கடி பள்ளிக்கு வராமல் போனதால் பின்தங்கிய பையனுக்கும் என் மகளுக்கும் ஒரே பயிற்சி போதாது. மூன்றாம் ஆண்டோடு இந்த உதவி பெரும்பாலும் முடிந்துவிடுவது இன்னொரு கவலை. டிஸ்லெக்சியாவோ நான்காம் ஆண்டிலும் கூடவே வரும்.

அடுத்தது மையங்கள். தித்திவங்சாவில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கத்தின் மையம் இருக்கிறது. இதுபோகத் தனியார் மையங்களும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க உண்டு. நல்ல மையங்களில் பயிற்சி பெற்றவர்கள், படிப்படியான பாடமுறை, அதற்கென்றே செய்த கருவிகள் எல்லாம் இருக்கும். இதையெல்லாம்விடப் பெரிய நன்மை ஒன்று உண்டு: தன்னைப் போலவே தடுமாறும் இன்னொரு பிள்ளையை நம் பிள்ளை அங்கே பார்க்கிறாள். ‘நான் மட்டும் இல்லை’ என்று அவளுக்குப் புரியும். அதைத் தனி ஆசிரியரால் தரவே முடியாது. இந்த ஒன்றுக்காக மையத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரை நான் முழுமனதோடு ஆதரிப்பேன்.

நாங்கள் விசாரித்த தனியார் மையம் ஒன்றில் மாதம் 900 ரிங்கிட் கேட்டார்கள். பணம் கஷ்டம்தான், ஆனால் எங்களை நிறுத்தியது அதுவல்ல. வகுப்பு நடக்கும்போது பெற்றோர் உள்ளே வரக்கூடாது, தவணை முடிவில் அறிக்கை தருவோம் என்றார்கள். வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று கேட்டதற்கு, "பிள்ளையை ஓய்வெடுக்க விடுங்கள்" என்பதுதான் பதில். அங்கேதான் எங்கள் மனம் மாறியது.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட எடை கூடியது இதுதான்.

டிஸ்லெக்சியாவுக்கு இன்று உலகம் முழுக்கப் பயன்படும் பாடமுறைகளில் பல, 1930களில் அமெரிக்காவில் உருவான ஓர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையின் வழிவந்தவை. கண்ணால் பார், வாயால் ஒலி, விரலால் வரை, மூன்றும் ஒரே நேரத்தில். ஒரு தடவைக்கு ஒரு விதி மட்டும். அது உறுதியான பிறகே அடுத்தது. முறை எளிமையானது. ஆனால் ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்தால்தான் நிற்கும். வாரம் இரண்டு மணி நேரம் எவ்வளவு சிறந்த ஆசிரியரிடம் போனாலும், மீதி ஐந்து நாள் வீட்டில் கால் மணி நேரமாவது அதே முறையில் பயிற்சி நடக்காவிட்டால் பாதி கரைந்துவிடுகிறது. இதை எங்கள் மகளிடம் கண்கூடாகப் பார்த்தோம்; பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பினால் இரண்டு மூன்று விதிகள் காணாமல் போயிருக்கும்.

இது எல்லாப் பெற்றோருக்கும் பொருந்தும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. நம் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் வாசிக்கவேண்டும். மையங்களோ பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் கற்பிக்கின்றன. நாங்கள் கேட்ட இடம் எதிலும் தமிழ் வாசிப்புக்கென்று வகுப்பு இல்லை. எங்காவது இருந்தால் எனக்கு அது சந்தோஷமான செய்தி.

மூன்று மொழியிலும் தடங்கல் ஒரே மாதிரி வருவதில்லை. மலாய் ஓரளவு ஒழுங்கான மொழி: எழுதுவதைத்தான் வாசிக்கிறோம், அசை அசையாகப் பிரிக்கலாம். ஒரே எழுத்துக்கு இரண்டு விதமான எகர ஒலி வரும் இடம் மட்டும் கொஞ்சம் குழப்பும். ஆங்கிலம் எல்லாருக்கும் தெரிந்த கதை. தமிழும் ஒழுங்கானதுதான், ஆனால் எழுத்து 247. அதைவிடச் சிக்கல், ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் ஒத்துப்போகாத இடங்கள். ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் வருவது க் ஒலி. கை முதலில் எழுதுவதோ ஒற்றைக்கொம்பு. ‘கொ’ என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் க. ஒலியை வரிசையாகப் பிடித்து வைத்துக்கொள்ளவே போராடும் பிள்ளைக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் மகள் மாதக்கணக்கில் கொம்பை எழுத்துக்குப் பின்னால்தான் போட்டாள். அவள் காதுக்கு அதுதான் சரி.

இன்னொன்று. தமிழில் க என்ற ஒரே எழுத்து ‘கடல்’ என்னும்போது ஒரு விதமாகவும் ‘தங்கம்’ என்னும்போது வேறு விதமாகவும் ஒலிக்கும். மலாயில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் தொடங்கிய பிள்ளை மலாய் எழுதும்போது அந்த இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவாள். அது டிஸ்லெக்சியாவால் வந்த பிழையா, தமிழிலிருந்து வந்த பழக்கமா? தமிழ் தெரியாத பயிற்றுநரால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்லாவிட்டால் தேவையில்லாத இடத்தில் வாரக்கணக்கில் உழைப்பு போகும்.

எங்களுக்குக் கிடைத்த தனி ஆசிரியை, பணி ஓய்வு பெற்ற பெமுலிஹான் ஆசிரியை. டிஸ்லெக்சியாவுக்கென்று தனிப் பயிற்சியும் எடுத்தவர். மகள் அவரைப் பாட்டி என்றுதான் கூப்பிடுகிறாள், நாங்கள் டீச்சரம்மா என்போம். மணிக்கு 80 ரிங்கிட் வாங்குகிறார். முதல் முக்கால் மணி நேரம் பிள்ளையோடு. கடைசிக் கால் மணி நேரம் என்னையோ கணவரையோ பக்கத்தில் உட்கார வைத்து, அன்றைய பயிற்சியை எங்களையே செய்யச் சொல்வார். நாங்கள் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிட்டால் கையைக் காட்டி நிறுத்துவார். வீட்டுக்கு ஒரு சின்ன நோட்டு வரும். அந்த வாரத்து எழுத்து, அந்த வாரத்துச் சொற்கள், செய்யக்கூடாதது என்ன என்று மூன்று வரி. கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை: ஒரு தட்டில் மணல், அட்டையில் வெட்டிய எழுத்துகள், அவ்வளவுதான்.

மலாயில் முதலில் தொடங்கினார், அது ஒழுங்கானது என்பதால். அசையைப் பிரிக்கவும் சேர்க்கவும் அவளுக்குப் பிடிபட்ட பிறகு, அதே முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கொம்புக்கு அவர் சொல்லிக்கொடுத்த வழி எங்களுக்குப் பெரிய வரம். முதலில் வாயால் க், எ என்று பிரித்துச் சொல்லவேண்டும். பிறகு அட்டையில் க-வை வைத்து, கொம்பு அட்டையைக் கையால் இழுத்து முன்னால் கொண்டுபோய் வைக்கவேண்டும். கொம்பு நகர்வதைக் கை உணர்ந்தால் மனதில் நிற்கும் என்றார். நின்றது. இப்போது அவர் இல்லாத நாளிலும், புதிதாக ஒரு எழுத்தில் தடுமாறினால் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்குத் தெரிகிறது. மூன்றாம் ஆண்டோடு பெமுலிஹான் நின்றாலும், நாளைக்கு டீச்சரம்மா உடல்நலம் காரணமாக நிறுத்தினாலும், முறை வீட்டில் இருக்கிறது. வேலைக்குப் போகும் இருவராக இதை ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் பெரிய கேள்வியாக இருந்தது. கால் மணி நேரம் என்றால் முடிகிறது.

பலன்? தன் ஆண்டுக்கு ஓராண்டு கீழான மலாய்ப் பத்தியை மெதுவாக, ஆனால் ஊகிக்காமல் வாசிக்கிறாள். தமிழில் இன்னும் ஒற்று விட்டுப்போகிறது. ல, ள, ழ கலங்குகிறது. ஆங்கிலத்தை இன்னும் தொடவில்லை. வாசிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிறது என்று சொல்வது நின்றுவிட்டது. எனக்கு அதுவே பெரிது.

தனி ஆசிரியர் வழியில் பலவீனங்களும் உண்டு, மறைக்கக்கூடாது. இந்த வேலைக்கு உரிமம் என்று எதையும் நாங்கள் பார்க்கவில்லை, யார் வேண்டுமானாலும் ‘டிஸ்லெக்சியா டீச்சர்’ என்று அறிவித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. எங்கே பயிற்சி எடுத்தீர்கள், நான் கூட உட்காரலாமா, பள்ளி ஆசிரியரோடு பேசுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தயங்கினால் நான் அடுத்தவரைத் தேடுவேன். வருமான வரி விஷயமும் இருக்கிறது. கற்றல் இடர்ப்பாடுள்ள பிள்ளையின் மதிப்பீடு, சிகிச்சைச் செலவுக்கு வரிக்கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 6,000 ரிங்கிட் வரை உயர்ந்திருக்கிறது, முன்பு 4,000. ஆனால் அது பதிவுபெற்ற மருத்துவர்கள், சிகிச்சையாளர்கள் தரும் ரசீதுக்கு. டீச்சரம்மாவின் வகுப்புக் கட்டணத்தை நாங்கள் அதில் சேர்க்கவில்லை. மருத்துவ மையத்தோடு இணைந்த சேவையை எடுப்பவர்களுக்கு இதில் லாபம் உண்டு.

எந்த வழி போனாலும் மதிப்பீட்டைக் காகிதத்தில் வாங்கி வையுங்கள். தனியாரிடம் பல இடங்களில் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். அரசு மருத்துவமனையில் செலவு மிகக் குறைவு, காத்திருப்பு அதிகம். நாங்கள் கிளினிக் கெசிஹாத்தான் என்னும் அரசு சுகாதார நிலையத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி அரசு மருத்துவமனைக்குத்தான் போனோம். பின்னாளில் எஸ்பிஎம் என்னும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை எழுதும்போது சிறப்புத் தேவை மாணவராகக் கூடுதல் நேரம் கேட்டுப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம், அதற்கு ஆதாரம் வேண்டும். கேம்பிரிட்ஜ் தேர்வுகளிலும் அப்படித்தான். ஓ.கே.யு. அட்டையை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டையைப் பற்றி நம் குடும்பங்களில் தயக்கம் அதிகம். பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வரும் என்று என் மாமியாரே அழுதார். சமூகநல இலாகாவில் பதிவது கட்டாயம் இல்லை, பெற்றோரின் விருப்பம். நாங்கள் பதிந்தோம். அட்டை வந்தபின் பள்ளியில் எங்கள் பேச்சைக் கவனித்துக் கேட்டார்கள் என்பது என் அனுபவம்.

இடைநிலைப்பள்ளி எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து மலாயை உறுதியாக்கிக்கொள்வது இவளுக்கு நல்லதா, நேரே முதலாம் படிவம் போவது நல்லதா என்று வீட்டில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்து வரும் பிள்ளைக்கு ஒரு மணி நேரத் தனி வகுப்பு தாங்குமா என்பதும் எனக்குத் தெரியாது. அந்தப் பெற்றோர் மையத்தை முதலில் பார்ப்பது நல்லது என்று டீச்சரம்மா சொல்கிறார். உள்ளே உட்கார அனுமதிக்கும் மையமாக இருந்தால், நானும் அதையே சொல்வேன்.