ப்ளீட்வுட் மேக்கின் முதல் ஆல்பம்: பதினைந்து வருடமாகக் கேட்டதில்

ப்ளீட்வுட் மேக் என்ற பிரிட்டிஷ் குழு பின்னாளில் போட்ட பாப் ஆல்பமான 'ரூமர்ஸ்' பிடித்துப்போய், அதே மாதிரிதான் இருக்கும் என்று நம்பி இவர்களுடைய முதல் ஆல்பத்தின் சிடியை வாங்கினேன். அட்டையைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. ஒரு சந்து, குப்பைத்தொட்டி, பக்கத்தில் ஒரு நாய். போட்டுக் கேட்டால் முழுக்க முழுக்க ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை.

1968 பிப்ரவரியில் ப்ளூ ஹொரைசன் என்ற இசை நிறுவனம் இதை வெளியிட்டது. தயாரிப்பு மைக் வெர்னன். பிரிட்டிஷ் ப்ளூஸ் கலைஞர் ஜான் மேயலின் குழுவில் எரிக் கிளாப்டன் விட்டுப்போன இடத்தில் கிட்டார் வாசித்த பீட்டர் கிரீன், அங்கிருந்து வெளியேறித் தொடங்கிய குழு இது. ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 21. குழுவுக்கு டிரம்ஸ் வாசித்த மிக் ப்ளீட்வுட், பாஸ் வாசித்த ஜான் மெக்வீ இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார். மெக்வீ வந்து சேருவதற்கு முன்பே அவர் பெயர் வந்துவிட்டது! அதனால்தான் 'லாங் கிரே மேர்' பாட்டில் மட்டும் பாஸ் பாப் பிரன்னிங். இந்த ஆல்பம் பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது.

முதல் இரண்டு வருடம் நான் கேட்டதெல்லாம் குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் ஜெரமி ஸ்பென்சரின் பாட்டுகள்தான். அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் எல்மோர் ஜேம்ஸ் பாணியில், கம்பிகள் மேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டார், ஆட வைக்கும் வேகம். 'ஷேக் யுவர் மணிமேக்கர்' இன்றைக்கும் குஷிதான். ஆனால் அதே பாணியில் ஐந்து பாட்டு என்பது அதிகம். நாளாக ஆக எது எந்தப் பாட்டு என்றே குழம்புகிறது. அவர் பியானோவில் தனியாகப் பாடும் 'ஹெல்ஹவுண்ட்' மட்டும் பழசாகவே இல்லை.

கிரீனின் பாட்டுகள் நேர் எதிர். மெதுவாக இருக்கின்றன என்று அப்போது தாண்டிப் போய்விடுவேன். ஒருநாள் ராத்திரி ஹெட்போனில் 'மெர்ரி கோ ரவுண்ட்' கேட்டபோதுதான் புரிந்தது. ஒரு வரி பாடுகிறார். கிட்டார் நாலைந்து சுரத்தில் பதில் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப அவருக்கு அவசரமே இல்லை. அந்த வயதில் அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ! 'ஐ லவ்டு அனதர் வுமன்' பாட்டில் அந்த நிதானம் இன்னும் அழகு. அடுத்த மாதமே இவர்கள் வெளியிட்ட 'பிளாக் மேஜிக் வுமன்' இதன் தங்கச்சி மாதிரி. 1970இல் அமெரிக்க ராக் குழுவான சந்தானா வாசித்து உலகத்துக்கே தெரிந்தது அந்தப் பாட்டுதான்.

ஒரு விஷயம்: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். மெக்வீயின் பாஸ் காணாமலே போய்விடும், மெதுவான பாட்டுகள் எல்லாம் வெறுமையாகத் தெரியும். சுமாரான ஹெட்போன் இருந்தால் போதும்.

2020 ஜூலையில் கிரீன் இறந்த செய்தி வந்த இரவு 'த வேர்ல்டு கீப் ஆன் டர்னிங்' போட்டேன். குழு கிடையாது, அவர் குரலும் ஒரு கிட்டாரும் மட்டும். இரண்டரை நிமிஷம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.