சோங்யே கேடயம் வாங்கப் போறீங்களா, இத படிச்சிட்டு போங்க

பிரஸ்ஸல்ஸ்ல சாப்லோன் பக்கம் ஒரு ஆண்டிக் கடையில 900 யூரோ குடுத்து ஏமாந்துட்டேன். காங்கோவுல சோங்யே மக்கள் செதுக்கற சடங்குக் கேடயம், நடுவுல கிஃப்வெபேங்கற அவங்க சடங்கு முகமூடி புடைப்பா நிக்கும், முகம் பூரா வரிவரியா கோடு, சிவப்பு கருப்பு வெள்ளைன்னு. இது சண்டைக்கு தூக்கிட்டு போறது இல்ல, சடங்கோட சேர்ந்த பொருள். எனக்கு பல வருஷமா அது மேல ஒரு கண்ணு.

கடைக்காரர் பெல்ஜிய அதிகாரி ஒருத்தர் வீட்டு பரண்ல இருந்து வந்தது, 1938ல அவரே கையால எழுதி ஒட்டின சீட்டு பாருங்கன்னு பின்பக்கம் காட்டினாரு, பழுப்பேறின பேப்பர், நானும் ஆசையில சரியா படிக்காம கார்ட நீட்டிட்டேன்.

குளிர்காலத்துல ஹீட்டர் போட்டு மூணாவது வாரம் பட்டுனு ஒரு சத்தம். ஓரத்துல விரிசல் விட்டிருக்கு, உள்ள பார்த்தா மரம் நேத்து வெட்டின மாதிரி வெளேர்னு இருக்கு! ஈரப் பஞ்ச வச்சு துடைச்சா பழுப்பு அப்படியே ஒட்டிட்டு வருது, மூக்குகிட்ட கொண்டு போனா ஷூ பாலிஷ் வாசனை. பூச்சி அரிச்ச ஓட்டைன்னு நெனச்சதெல்லாம் ஒரே சைஸ்ல நேரா இறங்குது, நெஜ பூச்சி வளைஞ்சு வளைஞ்சு தான் போகும், இது டிரில் போட்டது. அப்புறம் தான் அந்த சீட்ட ஒழுங்கா படிச்சேன், "ஜைர், 1938"னு இருக்கு. காங்கோ நாட்டுக்கு ஜைர்ங்கற பேரே அதிபர் மொபுட்டு 1971ல வச்சது, 1938ல அது பெல்ஜிய காங்கோ.

திரும்ப போய் கேட்டா, எனக்கும் அப்படி சொல்லி தான் வித்தாங்கங்கறாரு. ரசீதுல "ஆப்பிரிக்க மரச் சிற்பம்"னு மட்டும் தான் போட்டிருக்காரு, வருஷம் இல்ல, ஊர் இல்ல. நீங்க வாங்கினா வயசு, எங்கிருந்து வந்ததுன்னு ரசீதுலயே எழுதி கையெழுத்து வாங்குங்க, எழுத மாட்டேன்னா கிளம்பிடுங்க.

செதுக்கினவர் மேல எனக்கு துளி கோவம் இல்ல, அந்தக் கண் இமை வெட்டு அவ்ளோ சுத்தம். புதுசுன்னு சொல்லி, அவர் பேரையும் சொல்லி வித்திருந்தா சந்தோஷமா வாங்கியிருப்பேன், அவர் உழைப்பையும் மறைச்சிட்டாங்களேன்னு தான் வயிறு எரியுது.

பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், விரிசல் போட்டோ, அந்த சீட்டு ரெண்டையும் அனுப்பியாச்சு. பதில் வந்ததும் சொல்றேன்.