அண்ணாநகரில் அம்மாவின் கண் சிகிச்சை: அரவிந்த் கண் மருத்துவமனை

கடந்த மாதம் என் தாயாரின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்காகத் திருமங்கலத்திலிருந்து மதுரை அண்ணாநகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். பணி ஓய்வுக்குப் பின், இனி எதற்காக விடியலில் எழுவது என்ற கேள்வி என்னை ஓராண்டாக வாட்டிக்கொண்டிருந்ததால், சிகிச்சையோடு அந்த இடத்தின் இயல்பையும் கூர்ந்து கவனித்தேன்.

முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் வெறும் 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை இது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சோர்ந்து அமர்ந்த அதே வயதில் அவர் தொடங்கியிருக்கிறார் என்பதை எண்ணியபடி வெகுநேரம் அங்கே அமர்ந்திருந்தேன். கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டே செலுத்த இயலாதோருக்கும் பார்வை தரும் முறையை அவர் வகுத்தார். கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளைக் குறைந்த விலையில் தயாரிக்க 1992இல் ஆரோலேப் உருவானது.

சொட்டு மருந்து இட்ட செவிலிப் பெண், "பாட்டி, பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லிக் கடைசிவரை அம்மாவின் கையை விடவில்லை. சேர்க்கை, பரிசோதனை, மருந்துச்சீட்டு அனைத்தும் தெளிவாக நடந்தன.

மறுநாள் கட்டைப் பிரித்ததும், வாசலில் நின்ற பேருந்தின் பெயர்ப்பலகையை அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார். அடுத்த வாரம் முதல் எங்கள் ஊர் நூலகத்தில், கண் மங்கிய முதியோருக்கு நாளிதழ் வாசித்துக் காட்டுவதற்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன்.