ஆர்கானிக்கா, செராமிக்கா? ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது கிளட்ச் பிளேட்

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு, பிரேக்கை மிதிக்காமல் பாதி கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்தி வைத்தால் எந்தப் பிளேட்டும் கருகும். ஆனால் கருகும் விதம் வேறு.

ஆர்கானிக் பிளேட் (நாரும் பிசினும் கலந்த உராய்வுப் பரப்பு) மெதுவாகப் பிடிக்கும், மிதி இதமாக இருக்கும். சூடு ஏறினால் வழுக்கும். மேல்பரப்பு கண்ணாடி போலாகிவிட்டால் பழைய பிடிப்பு அவ்வளவாகத் திரும்பாது. எண்ணெய் பட்டாலும் கெட்டுவிடும். அதனால் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலைப் பாருங்கள். கசிவு இருந்தால் மாற்றாமல் மூடாதீர்கள்.

செராமிக் (பீங்கானும் உலோகமும் கலந்த உராய்வுப் பரப்பு) அதிகச் சூட்டைத் தாங்கும், கூடுதல் டார்க்கை, அதாவது இன்ஜினின் சுழற்றும் விசையை, கடத்தும். அதற்கு ஈடாகச் சில தொல்லைகள்: பட்டென்று பிடிக்கும், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் வண்டி உதறும், பிளேட் உரசும் இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலையும் வேகமாகத் தின்னும். பிளேட்டின் நடுப்பகுதியில் ஸ்பிரிங் இல்லையென்றால் அந்த அதிர்ச்சி நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகும்.

இன்ஜின் பவரைக் கூட்டாத வண்டிக்கு ஆர்கானிக்தான் என் தேர்வு. டியூன் செய்து டார்க்கை ஏற்றியவர்களுக்கு, டிராக்கில் ஓட்டுபவர்களுக்குச் செராமிக்.

எதைப் போட்டாலும் ரிலீஸ் பேரிங்கையும் (மிதியை அழுத்தும்போது கிளட்ச்சை விடுவிப்பது) சேர்த்து மாற்றுங்கள். கூலி ஒருமுறையோடு போகும். சாதா ஃப்ளைவீலை லேத்தில் தேய்க்கலாம், டூயல் மாஸ் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம்) என்றால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் அதன் கவர் கோணி, கிளட்ச் முழுதாக விடாமல் கியர் விழாது. புதுப் பிளேட் படிய, முதல் 800 கி.மீ. ஊருக்குள் நிறுத்தி எடுத்து ஓட்டுங்கள். முழு த்ராட்டில் வேண்டாம்.